கெர்னல் ஆவணங்களுக்குப் பேட்ச் அனுப்பும்போது சறுக்கும் இடங்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் பங்களிக்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஆவணத்தில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினாலே போதும் என்று புதியவர்களிடம் சொல்வது வழக்கம். சரிதான். ஆனால் ‘வெறும் டாக்ஸ்தானே’ என்று அலட்சியமாக அனுப்பினால் பேட்ச் (செய்த மாற்றங்களை மட்டும் அடக்கிய கோப்பு) திரும்பி வரும். நிரலுக்கு உள்ள கெடுபிடிகளில் பெரும்பாலானவை ஆவணத்துக்கும் உண்டு.

எந்தக் கோப்பைத் திருத்துவது என்பதிலேயே சிலர் தடுமாறுகிறார்கள். இணையத்தில் காணும் கெர்னல் ஆவணம் எல்லாமே ‘டாக்குமென்டேஷன்’ கோப்புறையில் எழுதி வைத்ததல்ல. ஒரு ஃபங்ஷன் என்ன செய்யும் என்று விளக்கும் பகுதிகள் பலவும், சி நிரலில் அந்த ஃபங்ஷனுக்கு மேலே இருக்கும் கமென்டிலிருந்து எடுக்கப்பட்டவை. அப்படியானால் திருத்தத்தை அங்கேதான் செய்ய வேண்டும். அது போய்ச் சேர வேண்டிய ஆளும் மாறிவிடுவார். மெமரி மேனேஜ்மென்ட் கோப்பு என்றால் அந்தப் பிரிவின் பராமரிப்பாளர். ஊகிக்க வேண்டாம், கெர்னல் மூலத்திலேயே ‘கெட்_மெயின்டெய்னர்’ என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. பேட்சைக் கொடுத்தால் யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அதுவே சொல்லும்.

அடுத்தது கமிட் செய்தி, அதாவது மாற்றத்தோடு சேர்ந்து பதிவாகும் விளக்கக் குறிப்பு. ‘ஆவணத்தில் பிழை திருத்தம்’ என்று ஒற்றை வரி எழுதினால் யாருக்கும் பயனில்லை. ஓர் ஆவணம் ஸ்வாப்பினெஸ் (நினைவகத்தில் உள்ளதை வட்டுக்கு மாற்றும் போக்கைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) மதிப்பின் உச்சவரம்பு 100 என்று இன்னும் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5.8 பதிப்பிலேயே அது 200 ஆகிவிட்டது. அதைச் சொல்லி, வரம்பை உயர்த்திய கமிட்டின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளையும் தலைப்பையும் கொடுத்தால், ரிவ்யூ செய்பவர் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார். இதைத் தேடி எடுக்க நீங்களும் நிரலைத் திறந்து பார்த்தாக வேண்டும். எங்கோ படித்ததை நம்பி ஆவணத்தை மாற்றுபவர்களைவிட, எழுத்துப்பிழையை அப்படியே விட்டுவைப்பவர்கள் எவ்வளவோ மேல்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாமலே நடப்பது. மாற்றியது ஒரே ஒரு சொல். கூடவே எடிட்டர் அந்தப் பத்தி முழுவதையும் 80 எழுத்துக்கு ஒரு வரியாக மடித்து அடுக்கிவிடுகிறது. டிஃப்பில் (பழையதும் புதியதும் வேறுபடும் வரிகளின் பட்டியல்) பத்து வரி போய்ப் பத்து வரி வருகிறது. உண்மையில் எது மாறியது என்று எதிரில் இருப்பவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். வரி நீண்டால் நீளட்டும், விடுங்கள். மடித்தே தீர வேண்டுமானால் அதற்குத் தனிப் பேட்ச்.

ஆவணங்களை இணையப் பக்கங்களாக மாற்றும் ‘மேக் எச்டிஎம்எல்டாக்ஸ்’ கட்டளையை ஓட்டாமல் அனுப்பாதீர்கள். தலைப்புக்குக் கீழே போட்ட கோடு தலைப்பைவிடக் குட்டையாக இருந்தால்கூட, அந்த வேலையைச் செய்யும் ஸ்ஃபிங்ஸ் மென்பொருள் எச்சரிக்கும். புதுக் கோப்பை எந்த உள்ளடக்கப் பட்டியலிலும் சேர்க்காமல் விட்டாலும் அப்படியே.

பெயரைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்னஞ்சலில் இனிஷியல் பின்னால், கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) அமைப்பில் முன்னால், வேறிடத்தில் அப்பா பெயர் முழுசாக என்று வைத்திருப்போம். இதை அனுப்ப உரிமை உண்டு என்று கையொப்பமிடும் ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரியில் உள்ள பெயரும் அனுப்புநர் பெயரும் பொருந்தவில்லை என்றால் பேட்சைச் சோதிக்கும் ‘செக்பேட்ச்’ ஸ்கிரிப்ட் சுட்டிக்காட்டும். ஏதாவது ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள்.

அப்புறம், ஜிமெயிலின் இணையப் பக்கத்தில் பேட்சை ஒட்டி அனுப்புவது. டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகிவிடும், நீண்ட வரிகள் உடையும், பேட்ச் பொருந்தாது. ‘கிட் சென்ட்-ஈமெயில்’ பயன்படுத்துங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததை ‘கிட் ஏஎம்’ கொண்டு பொருத்திப் பார்த்துவிட்டால் நிம்மதி.

பதில் வரவில்லை என்று மறுநாளே நச்சரிக்கக் கூடாது. ஆவணப் பிரிவைப் பராமரிக்கும் ஜொனாதன் கார்பெட், ஒரு வாரம் ஆகியும் தகவல் இல்லையென்றால் தயங்காமல் நினைவூட்டலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார். புதிய பதிப்புக்கான மாற்றங்கள் சேரும் இரண்டு வார மெர்ஜ் விண்டோவில் இன்னும் தாமதமாகும். திருத்தம் கேட்டு பதில் வந்தால், இரண்டாம் பதிப்பின் தலைப்பில் ‘வி2’ என்று போட்டு, முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை பேட்சில் கமிட் செய்திக்குப் பின் வரும் மூன்று சிறு கோடுகளுக்குக் (---) கீழே எழுதுங்கள். கோடுகளுக்கு மேலே எழுதினால் அந்தக் கதையும் கெர்னல் வரலாற்றில் சேர்ந்துவிடும்.