லப்டொப் கழற்றுகிறவர்கள் விடக்கூடாத பிழைகள்

பழைய லப்டொப்பில் ராமை, அதாவது தற்காலிக நினைவகத்தைக் கூட்டி, திரும்பப் பூட்டி, பட்டனை அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடம் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும். புது ராம் போட்டால் முதல் தடவை திரை வரச் சுணங்கும். சிலர் அதிலேயே பயந்து நிற்பாட்டிவிடுகிறார்கள். பொறுத்திருங்கள்.

பெரிய பிழை கழற்ற முதலே, கடையில் நடந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் பாவித்த லப்டொப் வாங்குகிறவர்கள் விலையையும் திரையையும்தான் பார்க்கிறார்கள். ராம் மாற்றலாமா என்று கேட்பது குறைவு. லெனோவோவின் திங்க்பேட் டி480 லப்டொப்பில் இரண்டு ராமையும் மாற்றலாம். டி480எஸ் என்றால், ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஒரு பகுதி ராம் மதர்போர்ட்டோடு ஒட்டியே வரும். மாற்ற ஓரிடம்தான் இருக்கும். திங்க்பேட் எக்ஸ்1 கார்பனில் அதுவும் இல்லை. முழுப் பெயரையும் தேடிப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். ஃபைல்களைச் சேமிக்கும் எம்.2 எஸ்எஸ்டியும் அப்படித்தான்: சாட்டா, என்விஎம்இ என்ற இரண்டு வகையும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம்.

சரி, கழற்றப் போகிறீர்கள். சார்ஜரை இழுத்துவிட்டால் கறண்ட் இல்லை என்று நினைக்க வேண்டாம். டி480 இல் வெளிப் பற்றரியைக் கழற்றினாலும் உள்ளே இன்னொன்று இருக்கிறது. விண்டோஸ் வர முதல் திறக்கும் பயோஸ் செட்டிங்கில் அதை முடக்கிவிட்டே மூடியைத் திறக்க வேண்டும். பற்றரி வீங்கியிருந்தால் நெம்பவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

ஸ்குரூ விஷயம் நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை எல்லா ஸ்குரூவையும் ஒரே சிரட்டைக்குள் போட்டுவைத்தேன். பூட்டும்போது நீளமான ஒன்று கட்டை ஸ்குரூவின் துளைக்குள் போய்விட்டது. இறுகவில்லையே என்று இன்னும் திருகினேன். உள்ளங்கை வைக்கும் இடத்தில் பயறளவு புடைப்பு ஒன்று எழும்பியது. இப்போது பிஸ்கட் பெட்டி மட்டையில் லப்டொப்பின் அடிப்பக்கத்தைக் கீறி, ஒவ்வொரு ஸ்குரூவையும் அதனதன் இடத்தில் குத்திவைக்கிறேன். மட்டையைப் பார்த்துப் பார்த்துப் பூட்டுவது தனிச் சந்தோஷம்.

பிறகு தூசி. எங்கள் வெக்கைக்கும் புழுதிக்கும் விசிறி சீக்கிரமே அடைத்துவிடும். அதற்காக மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். வேகத்தில் விசிறி கண்டபடி சுற்றிப் பழுதாகும். விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினாலே சாம்பல் நிறத்தில் பஞ்சு போலத் திரண்டு வரும்.