ஓடைக்கரைப் புல் எவ்வளவு அழுக்கைப் பிடிக்கும்? கணக்குப் போடும் வழி

நீலகிரியில் கேத்தி பக்கம் போனால் கேரட், உருளை, முட்டைக்கோஸ் பாத்திகள் சரிவிலேயே இறங்கி ஓடை வரைக்கும் வந்து நிற்பதைப் பார்க்கலாம். ஐப்பசி மழை அடித்தால் ஓடை பால் விட்ட டீ நிறத்தில் ஓடும், மேல்மண்ணோடு அதில் ஒட்டிய மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பூச்சிமருந்தும் சேர்ந்தே போகும். கரையில் சில மீட்டர் அகலத்துக்குப் புல் பட்டை விட்டால் இதில் எவ்வளவு நிற்கும் என்று கணினி மாடல் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், அகலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு ஆற்றுப்படுகை முழுவதற்கும் நீரையும் மண் அரிப்பையும் கணக்கிடும் ஸ்வாட் (SWAT) மாடலின் பழைய பதிப்புகளில் அப்படித்தான் இருந்தது: பட்டையின் அகலத்தை மீட்டரில் எடுத்து, 0.2967 அடுக்குக்கு உயர்த்தி, 0.367-ஆல் பெருக்கினால் பிடிபடும் பங்கு வந்துவிடும். 5 மீட்டருக்கு 59 சதவீதம், 10 மீட்டருக்கு 73, 30 மீட்டரில் நூறையே தாண்டிவிடும். மண் எப்படி, சரிவு எவ்வளவு, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று இந்தச் சூத்திரம் எதையும் கேட்பதில்லை. புதிய பதிப்புகளில் இதை மாற்றிவிட்டார்கள்.

ஒரே ஒரு பட்டையை ஒவ்வொரு மழைக்கும் ஆராய வேண்டுமென்றால் வி.எஃப்.எஸ்.மாட் (VFSMOD) என்ற மாடல் நல்லது. ரஃபேல் முன்யோஸ்-கார்பெனாவும் ஜான் பார்சன்ஸும் உருவாக்கியது. புல்லுக்குள் நீர் ஓடுவது, மண்ணுக்குள் இறங்குவது, வண்டல் படிவது என மூன்றையும் சேர்த்து ஓட்டும். அதற்குக் கொடுக்க வேண்டிய எண்களை வயலில் போய் எடுங்கள்.

புல்லின் அடர்த்திக்கு, 30 செ.மீ. சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் போட்டுத் தண்டுகளை எண்ணுங்கள். 225 தண்டு இருந்தால் ஒன்றுக்கு 4 சதுர செ.மீ., அதாவது தண்டுக்குத் தண்டு 2 செ.மீ. இடைவெளி. சொரசொரப்புக்கு, அதாவது புல் நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு, மேனிங் எண் வேண்டும்: அடர்ந்த புல்லுக்கு 0.24 அளவில் தொடங்கலாம். நீர் இறங்கும் வேகத்துக்கு ஆறங்குல பி.வி.சி. குழாய்த் துண்டை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்கும் வேகம் ஒரு நிலைக்கு வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். பக்கவாட்டிலும் நீர் கசிவதால் அளவு கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். நான்கைந்து இடத்தில் செய்யுங்கள், ஏனென்றால் மாடு மிதித்த இடத்துக்கும் புதரடிக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும்.

நீர் இறங்கும் வேகத்துக்கு இவ்வளவு மெனக்கெடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு செ.மீ. ஆழ நீரில் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) துகள் நாலைந்து நொடியில் அடியில் போய்விடும், ஆனால் 2 மைக்ரான் களித்துகள் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் ஓடும் நீர் 5 மீட்டர் பட்டையை 100 நொடியில் கடந்துவிடுகிறது. ஆகவே தனித்தனியாக மிதந்து வரும் களியைப் புல் வடிகட்டி நிறுத்தாது, அது தங்க வேண்டுமானால் தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்க வேண்டும். மணிச்சத்து அதிகம் ஒட்டியிருப்பதோ களியில்தான்! புல்லின் மேல் விளிம்பில் மணல் மேடு கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பட்டை வேலை செய்கிறது என்று முடிவுகட்டுவது இங்கேதான் தப்பாகிறது.

அப்புறம், தண்ணீர் வரும் வழி. 40 மீட்டர் நீளத் தோட்டத்தில் 20 மி.மீ. நீர் வழிந்தோடுகிறது, கீழே 5 மீட்டர் புல் என்று வைத்துக்கொள்வோம். பரவலாக வந்தால் பட்டையின் மேல் சராசரியாக 160 மி.மீ. விழுகிறது. பாத்தி சரிவு வாக்கில் இருந்து, பாதித் தண்ணீர் பட்டையின் பத்தில் ஒரு பங்கு வழியாகப் புகுந்தால் அங்கே 800 மி.மீ., மற்ற இடத்தில் 89 தான். அந்த ஓரிடத்தில் புல் ஓடைப் பக்கம் படுத்து, ஈரத் தலைமுடி போல மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். படுத்த புல்லில் தண்டு இடைவெளி கணக்கெல்லாம் செல்லாது. குடையோடு மழையில் ஒரு தடவை போய், நீர் எங்கே திரளுகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், பிறகு அந்தப் பகுதியையும் மற்றதையும் தனித்தனியாக மாடலில் ஓட்டுங்கள்.

நைட்ரேட் கதை வேறு. அது கரைந்து, நிலத்தடியில் வேர்மட்டம் வழியாகத்தான் பெரும்பாலும் ஓடைக்குப் போகிறது. ஈரமும் மட்கும் உள்ள கரைமண்ணில் நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி விடுகின்றன. இதற்கு வி.எஃப்.எஸ்.மாட் போதாது. அமெரிக்க வேளாண் துறையினர் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் உருவாக்கிய ரெம் (REMM) மாடலைப் பாருங்கள், புல், பராமரிக்கும் மரங்கள், கரையை ஒட்டித் தொடாமல் விட்ட மரங்கள் என மூன்று பகுதிகளாக அது கணக்கிடும்.

சரிபார்க்க, ஒரே மழையில் பட்டைக்கு மேலும் கீழும் பாட்டிலில் நீர் பிடியுங்கள். செறிவை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள்: செறிவு 10 சதவீதம்தான் குறைந்தது, ஆனால் நீரில் 30 சதவீதம் மண்ணுக்குள் போய்விட்டது என்றால் மொத்தச் சுமையில் 37 சதவீதம் நின்றுவிட்டது. இன்னொன்று, முதல் மழைக்குப் பொருந்திய மாடலை இரண்டு நாள் விடாமல் பெய்தபின் வரும் மழைக்கும் ஓட்டுங்கள், தொடக்க மண் ஈரத்தை மட்டும் உயர்த்தி வைத்து. வருகிற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியே தோட்டக்காரரிடம் காட்டுங்கள்.