பிக் லைன் போட்ட குறைமாதக் குழந்தையைக் கவனிப்பது எப்படி

என்ஐசியூவுக்கு, அதாவது பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, புதிதாக வரும் சிஸ்டர்களிடம் நான் முதல் நாளே சொல்வது இதுதான்: பிக் லைனோ (கை, கால் சிரை வழியாக இதயத்துக்கு அருகே உள்ள பெருஞ்சிரைவரை செலுத்தும் மெல்லிய குழாய்) தொப்புள் லைனோ உள்ள குழந்தையின் நிலை திடீரென்று மோசமானால், வேறு காரணம் கையில் கிடைக்கும்வரை லைன்மேல் சந்தேகப்படுங்கள். 900 கிராம் குழந்தைக்குக் குடல் பாலுக்குப் பழகும்வரை சாப்பாடே அந்த நூல் மாதிரிக் குழாய் வழியாகத்தான் போகிறது, அதனால் லைன் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது என்னென்ன செய்யும் என்று தெரிந்தவர்தான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதலில் எக்ஸ்ரே. டாக்டர் பார்த்துவிட்டார் என்று விடாமல் நீங்களும் பாருங்கள். கையில் போட்ட லைனின் நுனி மேல் பெருஞ்சிரையில் இருக்க வேண்டும், காலில் போட்டது கீழ்ப் பெருஞ்சிரையில். தொப்புள் வழியாகப் போட்ட யூவிசி என்றால் உதரவிதானத்துக்குச் சற்று மேலே, முதுகெலும்பில் டி8, டி9 உயரத்தில். நுனி இதயத்துக்குள் இருக்கக் கூடாது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு: குழந்தை முழங்கையை மடக்கினாலே நுனி இதயத்தை நோக்கி நகரும், இத்தனை சின்ன உடம்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது பெரிய தூரம். அதனால் குழந்தை வழக்கமாகக் கை வைத்திருக்கும் நிலையிலேயே படம் எடுக்கச் சொல்லுங்கள், கை எப்படி இருந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். இடது காலில் போட்ட லைன் சில சமயம் முதுகுத்தண்டை ஒட்டிய சிரைக்குள் போய்விடும். நேர்ப் படத்தில் சரியாக இருப்பது போலவே தெரியும், சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுப் படமும் வேண்டும்.

யூவிசி நுனி கல்லீரலில் மாட்டிக்கொண்டால் டிபிஎன் (சிரை வழியாகக் கொடுக்கும் ஊட்டத் திரவம்) கல்லீரல் திசுவுக்குள்ளேயே கசியும். வயிறு உப்புகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, ஹீமோகுளோபின் குறைகிறது என்றால் குடல் பிரச்சினை என்று மட்டும் நினைத்து நின்றுவிடாதீர்கள், கல்லீரலை ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். தொப்புள்கொடி காயக் காய யூவிசி இடம் மாறும், முதல் நாள் படம் நாலாம் நாளுக்குச் செல்லாது.

அடுத்தது எனக்கு மிகவும் பயம் தருவது. இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் திரவம் சேர்ந்து இதயத்தை நெரிப்பது, டாம்போனேட். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நான்கு பச்சிளங்குழந்தைகள் இப்படி இறந்ததை அந்நாட்டுச் சுகாதாரத் துறை ஆராய்ந்து 2001-இல் அறிக்கை வெளியிட்டது, நுனியை இதயத்துக்கு வெளியே வையுங்கள் என்பதுதான் அதன் முக்கியமான பரிந்துரை. அடர்த்தியான டிபிஎன் ஒரே இடத்தில் இதயச் சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் சுவர் அரிபடும், ஓட்டை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் திரவம் ஊறி வெளியே போகும். பெரும்பாலும் லைன் போட்ட முதல் சில நாட்களில் நடக்கும். நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தை திடீரென்று வெளுத்துப்போகும், பிராடி வரும் (இதயத்துடிப்பு குறையும்), இதய ஒலி மங்கும், மார்பை எவ்வளவு அழுத்தினாலும் நாடி திரும்பாது. உடனே லைனில் போகும் எல்லாத் திரவத்தையும் நிறுத்துங்கள், "டாம்போனேட்டாக இருக்குமோ" என்று சத்தமாகக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். எக்கோ (இதய ஸ்கேன்) கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க நேரம் கிடையாது, டாக்டர் மார்பெலும்பின் கீழ்நுனியிலிருந்து ஊசி போட்டு உறிஞ்ச வேண்டும். பால் போல வெள்ளையாக வந்தால் அது லிப்பிட், லைனில் போகும் கொழுப்புத் திரவம். சில மில்லி எடுத்ததுமே இதயத்துடிப்பு ஏறுவதைப் பார்க்கலாம்.

அடிக்கடி வருவது என்னவோ கிருமித் தொற்றுதான். குறைமாதக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்துதான் தெரியும் என்றில்லை: அப்னியா (இடையிடையே மூச்சு நிற்பது) கூடும், உடம்பு சில்லிடும், பால் செரிக்காது, சர்க்கரை ஏறும், "இன்னிக்கு என்னவோ சரியில்லை" என்று அம்மாவே சொல்வார். அதைக் காதில் வாங்குங்கள். தடுப்பது முழுக்க நம் கையில்: ஹப்பை (லைனின் இணைப்பு முனையை) திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் ஸ்வாபால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அப்புறம்தான் இணைக்க வேண்டும். காயும்வரை நிற்பதுதான் கஷ்டம், அவசரத்தில் எல்லோரும் விடுவது அதைத்தான். லிப்பிட் ட்யூபை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டிரெஸ்ஸிங் ஈரமாகவோ தளர்ந்தோ இருந்தால் மட்டும் மாற்றுங்கள், சும்மா பிரித்தால் லைன் நகரும். லைன் போடும்போது தோலைத் துடைக்கும் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் முதுகுக்கடியில் வழிந்து தேங்கினால் குறைமாதக் குழந்தையின் தோல் வெந்துபோகும், துடைத்துவிடுங்கள். ரத்தக் கல்ச்சரில் கேண்டிடா என்னும் பூஞ்சை வந்தால் லைனை எடுத்தே ஆக வேண்டும். லைன் இருக்கிறதென்று கங்காரு பராமரிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள், நன்றாக ஒட்டிவிட்டு அம்மாவின் மார்பில் வையுங்கள்.

மணிக்கொருமுறை போர்வையை விலக்கிக் கையையும் காலையும் பாருங்கள். வீக்கம், சிவப்பு, நீலம், வெளுப்பு எதுவானாலும் பம்பை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். பம்ப் அலாரம் அடிக்கவில்லை என்பதால் கசியவில்லை என்று அர்த்தமில்லை. அடைத்த லைனைச் சின்ன சிரிஞ்சால் தள்ளாதீர்கள், அழுத்தம் கூடிக் குழாய் வெடிக்கும். 10 மில்லி சிரிஞ்சுக்குக் குறைந்து எதையும் மாட்ட வேண்டாம். மெல்லிய பிக் லைனில் ரத்தம் எடுக்கவோ ஏற்றவோ கூடாது.

தினமும் ரவுண்ட்ஸில் "இந்த லைன் இன்னும் வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். பால் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 120 மில்லி அளவை எட்டிவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். எடுக்கும்போது மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். வர மறுத்தால் இழுக்காதீர்கள், சிரை சுருங்கிப் பிடித்திருக்கும். இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து மறுபடி முயலுங்கள். வெளியே வந்ததும் நீளத்தை அளந்து, போட்ட அன்று எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் அறுந்த துண்டு உள்ளே இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு உடனே எக்ஸ்ரேக்குச் சொல்லுங்கள்.