காபித்தூளில் ஃபிலிம் கழுவுவது எப்படி? பிள்ளை தூங்கும் ஒரு மணி நேரம் போதும்

என் மகளுக்கு ஐந்து வயது. இரவு ஒன்பதரைக்கு அவள் தூங்கினால்தான் எனக்கென்று கொஞ்சம் நேரம். நல்ல காபியும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் அந்த நேரத்துக்காகப் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கியது "காஃபினால்" (Caffenol). இன்ஸ்டன்ட் காபி, சலவை சோடா, வைட்டமின் சி மூன்றையும் தண்ணீரில் கரைத்து ஃபிலிம் கழுவும் முறை இது. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் 1995இல் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் தொடங்கிவைத்தார்கள். வைட்டமின் சி பிற்பாடு சேர்ந்தது.

வேலை செய்வது கஃபீன் இல்லை, காபியில் இருக்கும் கஃபேயிக் அமிலம். அது அரபிகாவைவிட ரொபஸ்டாவில் அதிகம் கிடைக்கும். அதனால் விலை குறைந்த இன்ஸ்டன்ட் தூள்தான் ஃபிலிமுக்கு நல்லது. நான் குடிப்பது ஏற்காடு அரபிகா, 15 கிராமுக்கு 240 மில்லி வெந்நீர் ஊற்றி வடிப்பேன். அதில் ஒரு சிட்டிகைகூட ஃபிலிமுக்குப் போகாது. காபியை முதலில் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்த பிறகே ரசாயனத்தைத் திறப்பேன். ஃபிலிமுக்கு எடுத்த குவளை, கரண்டி, புனல் எதுவும் மறுபடி சமையலுக்கு வரக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

ஒரு 35 மி.மீ. சுருளுக்கு 300 மில்லி போதும். அளவு இதுதான்:

நீரில்லாத சலவை சோடா 16 கிராம்
வைட்டமின் சி பொடி 5 கிராம்
இன்ஸ்டன்ட் காபி 12 கிராம்

வைட்டமின் சி என்றால் சுத்தமான அஸ்கார்பிக் அமிலப் பொடி. மருந்துக்கடையில் கிடைக்கும் சப்பும் மாத்திரை வேண்டாம், அதில் சர்க்கரையும் மற்றதும் கலந்திருக்கும். காபி வடிக்க 0.1 கிராம் காட்டும் தராசு வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதுவே இதற்கும் போதும். மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு நிறுங்கள்.

இப்போது சோடா. என் முதல் சுருளை இழந்தது இங்கேதான். மகள் பள்ளிக்குப் போன முதல் வாரத்தில் எடுத்த 36 படங்கள். கழுவி எடுத்தபோது, கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி ஏதோ மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அளவு, நேரம், வெப்பம் எல்லாம் சரியாக இருந்தன. சோடா மட்டும் கண்ணாடிக் கற்கண்டு மாதிரி கட்டியாக இருந்தது. அந்தக் கட்டியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்! 16 கிராம் போட்டேன் என்று நினைத்தேன், உண்மையில் 6 கிராம்தான் போட்டிருக்கிறேன். சோடாவின் காரத்தன்மை போதாவிட்டால் காபி வேலையே செய்யாது.

வழி இரண்டு. கட்டியாகவே போடுவதென்றால் 43 கிராம். இல்லையென்றால் வறுத்துவிடுங்கள், நான் வறுக்கிறேன். பழைய எவர்சில்வர் சட்டியில், சிறு தீயில். அலுமினியம் வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். முதலில் கட்டி தன் தண்ணீரிலேயே கரைந்து கூழாகும், பிறகு சலசலவென்று கொதிக்கும், கடைசியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் காயும். 100 கிராம் கட்டி 37 கிராமுக்கு வந்தால் தண்ணீர் முழுவதும் போய்விட்டது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கலக்கும் வரிசை முக்கியம். முதலில் சோடா, அது தெளியும்வரை பொறுங்கள். அப்புறம் வைட்டமின் சி, நுரைக்கும். கடைசியில் காபி. நாற்றம் குடலைப் பிரட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். குமிழி அடங்க ஐந்து நிமிடம் விடுங்கள். அரை மணிக்குள் பயன்படுத்திவிட வேண்டும், எடுத்து வைக்க முடியாது.

கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும். சென்னைக் குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கமே வராது. ஆர்.ஓ. தண்ணீரைக் குளிர்பெட்டியில் வைத்து, சாதாரணத் தண்ணீரோடு கலந்து 20க்குக் கொண்டுவருகிறேன். கழுவும் டாங்கியையும் (ஃபிலிமைக் கழுவும், வெளிச்சம் புகாத டப்பா) ஐஸ் போட்ட டப்பில் வைப்பேன்.

ஃபிலிமை இருட்டுப் பையில் வைத்து ரீலில் (டாங்கிக்குள் போகும் சுற்றுச் சட்டம்) ஏற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ரீல் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும், துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் சிக்கும். முதல் முயற்சிக்கு 100 ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன் அளவு) ஃபிலிம் எடுங்கள். எனக்குப் பிடித்தது கென்ட்மியர் 100. 400க்கு இந்தக் கலவையில் மூட்டம், அதாவது படம் முழுக்கச் சாம்பல் படலம், ஏறும்.

கரைசலை ஊற்றி முதலில் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், டாங்கியைத் தரையில் ஒரு தட்டு. பிறகு நிமிடத்துக்கு மூன்று முறை. மொத்தம் 15 நிமிடம். பிறகு தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, ஹைப்போ, அதாவது படத்தை நிலைநிறுத்தும் ரசாயனம், ஊற்றுங்கள். இது இல்லாமல் படம் நிற்காது. எவ்வளவு நேரம்? ஃபிலிமின் வால் துண்டை முன்னரே வெட்டி ஹைப்போவில் போட்டு, அது கண்ணாடி மாதிரி தெளிய ஆகும் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். அதன் பிறகு நன்றாக அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீரில் முடித்தால் உப்புத் திட்டு படத்தில் நிற்கும். குளியலறையில் கிளிப் மாட்டித் தொங்கவிடுங்கள்.

நெகட்டிவ் இளம்பழுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம், அது காபியின் சாயம்.

பின்சேர்க்கை 1: படமே வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரும் வாங்கியது ஆப்பசோடா. கடையில் "சோடா உப்பு" என்று கேட்டால் அதைத்தான் தருவார்கள். "துணி துவைக்கிற சோடா" என்று சொல்லிக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: சிக்கரி கலந்த தூள் ஆகுமா என்று கேட்கிறீர்கள். 30 சதவீதம் சிக்கரி என்றால் காபி அவ்வளவும் குறைகிறது. லேபிளைப் படித்து, முழுக்கக் காபி என்று போட்டிருப்பதை வாங்குங்கள். ஃபில்டர் டிகாக்ஷனும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திடத்தில் இறங்கும், தவறு எங்கே என்று பிடிக்க முடியாது.

பின்சேர்க்கை 3: போன வாரச் சுருள் காய்ந்ததும் மகளிடம் காட்டினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் அவள் கை, நகத்தில் பாதி உரிந்த பாலிஷ்வரை தெரிகிறது. "கை ஏம்மா கறுப்பா இருக்கு?" என்றாள். நெகட்டிவைக் கைப்பேசியில் படமெடுத்து நிறத்தைத் திருப்பிக் காட்டினேன். அடுத்த சுருளுக்குக் காபியை அவள்தான் நிறுப்பாளாம். காபி மட்டும் நிறுக்கட்டும், சோடாவும் ஹைப்போவும் என் வேலை.