சூடாதலும் குளிர்தலும்: சமநிலைக்கு வெகுதொலைவில் நிகழும் தவறுகள்

சூடாதல் விரைவா, குளிர்தல் விரைவா என்று அளக்கும் இரு புதிய மாணவர்களின் ஆய்வுக் குறிப்பேட்டை அண்மையில் புரட்டியபோது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை அதே வரிசையில் கண்டேன். அலகு மாறுவது, உணர்கருவியைச் சரிபார்க்க மறப்பது போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெப்பநிலை வேறுபாட்டையே தூரமாக எண்ணுதல்

நீரில் மிதக்கும் நுண்ணிய சிலிக்காத் துகளை லேசர் ஒளியாலான பொறியில், அதாவது ஒளிப்பொறியில், பிடித்து வைத்து, இரைச்சல் நிறைந்த மின்புலத்தால் உலுக்கினால், அது நீரைவிடப் பல மடங்கு சூடான ஊடகத்தில் இருப்பதுபோல் அலையும். மின்புலத்தின் வலிமையைச் சட்டென மாற்றித் துகளை விரும்பியபடி சூடாக்கலாம், குளிர்விக்கலாம். நான் இலக்கை 1000 கெல்வின் என வைத்து, 1500இலிருந்து இறங்குவதையும் 500இலிருந்து ஏறுவதையும் ஒப்பிட்டேன். இரண்டும் 500 கெல்வின் தள்ளியிருப்பதால் ஒப்பீடு நேர்மையானது என்று ஐயமின்றி நம்பினேன்.

துகளின் இட அலைவுக்கான விலக்க வர்க்கச் சராசரியை (மையத்திலிருந்து அது விலகும் தூரத்தின் வர்க்கத்துக்கான சராசரியை) வரைந்தபோது, இரு வளைவுகளும் ஒன்றன் ஆடிப்பிம்பமாக மற்றொன்று அமைந்தன; ஆகவே இரண்டும் ஒரே வேகம் என்று எழுதினேன். பிறகு கூடுதல் கட்டிலா ஆற்றலை, அதாவது சமநிலையில் உள்ளதைவிட மிகுதியாக இருக்கும், வேலையாக மாற்றத்தக்க ஆற்றலை, கணக்கிட்டபோது சூடாகும் துகள் எந்நேரமும் பின்தங்கியே தெரிந்ததால், குளிர்தலே விரைவானது என்று மாற்றி எழுதினேன். இரண்டு முடிவுகளும் தவறு. எட்டு மாத அளவீட்டை மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று.

சமநிலையிலிருந்து உள்ள தொலைவைக் கெல்வினில் அளக்கக் கூடாது; கூடுதல் கட்டிலா ஆற்றலில் அளக்க வேண்டும். வெப்பநிலையை ஆற்றலாக மாற்றும் போல்ட்ஸ்மன் மாறிலியை இலக்கு வெப்பநிலையால் பெருக்கி வரும் ஆற்றலை அலகாகக் கொண்டால், இந்தத் துகளுக்கு 1500 கெல்வினில் அத்தொலைவு 0.047, 500 கெல்வினிலோ 0.097. குளிர்ந்த துகள் புறப்படும்போதே இரு மடங்கு தள்ளி நிற்கிறது. 1000 கெல்வினுக்குச் சமதொலைவில் இருப்பவை 2000 கெல்வினும் ஏறத்தாழ 406 கெல்வினும்தான், இரண்டுக்கும் 0.153. அங்கிருந்து தொடங்கினால், விலக்க வர்க்கச் சராசரியின் இடைவெளி பாதியாகும் கணத்தில், குளிரும் துகளுக்கு இன்னும் 0.047 மீதமிருக்க, சூடாகும் துகளுக்கு 0.028 மட்டுமே எஞ்சுகிறது. அதாவது சூடாதலே விரைவானது. இதை 2020இல் இயற்பியலாளர்கள் லபோல்லாவும் கோடெக்கும் கோட்பாட்டளவில் காட்டினர். 2024இல் வெளியான ஆய்வொன்று ஒளிப்பொறியில் பிடித்த துகளைக் கொண்டே அதை உறுதிசெய்தது.

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது அந்த வளைவுகளின் நேர்த்தி. தரவில் ஒரு குறையும் இல்லை, கருவியிலும் இல்லை. தவறு முழுவதும் தொடக்கப் புள்ளிகளைத் தேர்ந்த முதல் நாளிலேயே நிகழ்ந்துவிட்டது. மாணவர்களின் குறிப்பேட்டிலும் அதே 1500, அதே 500.

வழியிடையில் ஒரே வெப்பநிலை உண்டெனக் கருதுதல்

மேற்சொன்ன ஒளிப்பொறியில் துகளின் பரவல் கடைசிவரை மணிவடிவத்திலேயே இருப்பதால், ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு வெப்பநிலையைச் சூட்டலாம். இரு பள்ளங்கள் கொண்ட நிலையாற்றலில் இது செல்லாது. ஒரு பள்ளத்துக்குள் துகள் விரைவில் அடங்கிவிட, பள்ளங்களுக்கிடையிலான பங்கீடு வெகுநேரம் பழைய நிலையிலேயே நிற்கும்.

நியூட்டன் விதியை எங்கும் பொருத்துதல்

பொருள் குளிரும் வேகம் சூழலுடனான வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதம் என்னும், 1701இல் வெளிவந்த அவ்விதி சிறிய வேறுபாடுகளுக்கே பொருந்தும். பெரிய வேறுபாடுகளில் அது விலகுவதை பிரெஞ்சு அறிவியலாளர்கள் டூலாங், பெட்டி ஆகியோர் 1817லேயே அளந்து காட்டிவிட்டனர்.

எம்பெம்பா விளைவை அவசரமாக அறிவித்தல்

குளிர்ந்த நீரைவிட வெந்நீர் முந்தி உறைவதே எம்பெம்பா விளைவு. வெந்நீர் முந்தி உறைந்தது என்று எழுதுமுன், உறைதல் என்று எதைச் சொல்கிறோம் என்பதை வரையறுக்க வேண்டும்: 0 பாகை செல்சியஸை எட்டுவதையா, முதல் படிகம் தோன்றுவதையா, முழுவதும் கட்டியாவதையா? நீர் 0 பாகைக்குக் கீழும் திரவமாகவே நீடிக்கக்கூடியது என்பதால் மூன்றும் வெவ்வேறு விடைகளைத் தரும்.

ஒரே சோதனை ஓட்டத்தில் முடிவு கட்டுதல்

கூடாது. ஆயிரக்கணக்கான ஓட்டங்களின் பரவலே சான்று.