புதைத்து வைத்ததைத் தோண்டிப் பார்க்கலாமா?

மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளோடுதான் என் வேலை. ஆரம்பத்தில் நானும் படங்களைக் காட்டி, "தண்ணீரை வீணாக்கக் கூடாது, குப்பை போடக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் ராகம் போட்டுத் திருப்பிச் சொன்னார்கள். கை கழுவப் போனதும் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லுக்கு அந்த வயதில் உருவமே கிடையாது. தொட்டுப் பார்த்த ஒரு செடி, பெயர் வைத்த ஒரு மரம், உள்ளங்கையில் நெளிந்த ஒரு மண்புழு, இவற்றின்மேல்தான் அவர்களுக்குப் பாசம் வரும். அதனால் இப்போது நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, விளையாட விடுகிறேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது புதைக்கும் விளையாட்டு. காய்ந்த இலை, பழத்தோல், செய்தித்தாள் துண்டு, பருத்தித் துணி, பிளாஸ்டிக் பை துண்டு, இந்த ஐந்தும் போதும். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு இருக்கட்டும். ஒரு சாண் ஆழத்தில் தனித்தனிக் குழி தோண்டி, பொருளைப் பிள்ளையே வைத்து மூட வேண்டும். எந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று குச்சி நட்டுப் படம் ஒட்டிவிடுங்கள். மூடுவதற்கு முன், "ஒரு மாதம் கழித்துத் திறந்தால் எது இருக்கும், எது காணாமல் போயிருக்கும்?" என்று கேளுங்கள். சொல்கிற பதிலைத் திருத்தாமல் அப்படியே எழுதி வையுங்கள். இடமில்லாதவர்கள் அடியில் ஓட்டை உள்ள அகலமான தொட்டியில் செய்யலாம். ஆனால் மண்ணைத் தரையிலிருந்து எடுங்கள். வேலை செய்கிற நுண்ணுயிர்கள் அதில்தான் நிறைய இருக்கும். காய்ந்துபோகாமல் அவ்வப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும், மறந்துவிட்டால் ஒன்றும் மட்காது.

நாலு வாரம் கழித்துத் தோண்டும்போது அவசரப்படாதீர்கள். பெரிய கரண்டியால் நீங்கள் கிளறிவிட்டால் எல்லாம் கெட்டது; பிள்ளைகள் விரலால் துழாவட்டும். பழத்தோல் பெரும்பாலும் அடையாளம் தெரியாது. காகிதம் கூழாகிக் கையோடு பிய்ந்து வரும். துணியில் ஆங்காங்கே ஓட்டை விழ ஆரம்பித்திருக்கலாம். பிளாஸ்டிக்கை மட்டும் தண்ணீரில் அலசினால் எழுத்துகூட அழியாமல் பளிச்சென்று இருக்கும். நாலு வயதுப் பெண் ஒருத்தி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் மண்ணு சாப்பிடல?" என்று கேட்டாள். நான் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டி உயிர்கள் இருக்கின்றன, இலையைச் சாப்பிட அவற்றுக்குத் தெரியும், பிளாஸ்டிக்கைச் சாப்பிடத் தெரியாது. அந்த வயதுக்கு அது போதும்.

தோண்டும்போது மண்புழு வந்தால் அன்றைய பாடம் அதுதான், மற்றதை ஒத்திவையுங்கள். மண்புழு தோல் வழியாக மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் அதற்கு மூச்சு முட்டும். ஆகவே கையை நனைத்துக்கொண்டு, நிழலில் வைத்துத்தான் அதைத் தொட வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விதியைப் பிள்ளைகள் ஆச்சரியப்படும் அளவுக்குக் கண்டிப்பாகக் காப்பாற்றுகிறார்கள். முரட்டுத்தனமாக ஓடித் திரியும் பையன்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை மெல்ல இறக்குவான். அப்புறம் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கழுவும்போது குழாய் விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு குவளையை வைத்து, விளையாடிவிட்டு வருவதற்குள் எதுவரை நிறையும் என்று கோடு போடச் சொல்லுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு, கிட்டத்தட்ட 20 லிட்டர். அந்தக் கணக்கு நமக்குத்தான். பிள்ளைக்குத் தன் கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஏறியிருப்பதே பெரிய செய்தி. குவளைத் தண்ணீரை அவர்களே செடிக்கு ஊற்றட்டும். சொட்டுகிற குழாய் இல்லையென்றால் இதற்காகத் திறந்துவிட வேண்டாம்.

மரத்தோடு நட்பு பிடிப்பது இன்னும் சுலபம். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பட்டையைத் தடவி, முகர்ந்து, கட்டிப்பிடித்துப் பார்க்கட்டும். கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய், "உன் மரம் எது?" என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்ணைத் துணியால் கட்டாதீர்கள், சின்னப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். தானே மூடிக்கொண்டு நடுவில் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்லை.

இரண்டு விஷயங்களில் நான் சறுக்கியிருக்கிறேன். ஒரு முறை குப்பை பொறுக்கும் போட்டி வைத்துப் பரிசும் அறிவித்தேன். ஜெயிக்க வேண்டும் என்று ஒரு பையன் ஒரே காகிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுப் பொறுக்கினான். அதோடு பரிசை நிறுத்திவிட்டேன். இன்னொரு முறை காடு எரிகிற படத்தைக் காட்டினேன். ஒரு குழந்தை அன்றிரவு தூங்காமல் அழுததாக அதன் அம்மா வந்து சொன்னார். தன்னால் எதுவும் செய்ய முடியாத துயரத்தைச் சின்னக் குழந்தையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

குப்பை பிரிப்பதற்கு இரண்டு பெட்டி போதும்: மண் சாப்பிடுவது, மண் சாப்பிடாதது. தோண்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

தோண்டி எடுத்த பிளாஸ்டிக் துண்டை எறிந்துவிடாதீர்கள். எங்களிடம் ஒரு நீலத் துண்டு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகள் அதையே மறுபடி புதைத்து, மறுபடி எடுக்கிறார்கள். இந்த வருடம் அதைத் தோண்டி எடுத்த பிள்ளைகள் எல்லோரையும்விட அதற்கு வயது அதிகம்.