லைஃப் ஜாக்கெட்டில் முதலில் இறுக்க வேண்டியது இடுப்புப் பட்டை

லைஃப் ஜாக்கெட்டை மாட்டும்போது எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்குங்கள். அப்புறம் அதற்கு மேலே உள்ளவை, தோளில் வரும் பட்டைகள் கடைசியில். தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே ஏறத்தான் பார்க்கும். விலா எலும்புக்குக் கீழே பட்டை பிடித்திருந்தால் ஏறாது, தாடையில் இடிக்காது, துடுப்புப் போடவும் கை தாராளமாக வரும். பலர் தோளை முதலில் இறுக்கி, ஜாக்கெட் மொத்தத்தையும் மேலே தூக்கிவிடுகிறார்கள். மாட்டியபின் தோள்பகுதியைப் பிடித்து ஒருவரை மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை வந்தால் சைஸ் பெரிது, வேறு எடுங்கள்.

சிறு குழந்தைகளுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்காது, அதனால் கால்களுக்கு நடுவே போகும் பட்டையும் வேண்டும். காற்று நிரம்பி உப்பும் வகையை இப்படி இறுக்காதீர்கள். உப்பும்போது நெஞ்சை அழுத்தும்.